ஆடிய முன் சக்கரம்

எங்கள் மூத்தார் தம்முடைய மயிலைக்காளை ஜோடியை விற்றுத்தான் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கிக் கொடுத்தார். மூத்தார் என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன். மற்றதையெல்லாம் எழுதுவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும். இதை விட்டுவிட்டுச் சொன்னால் இது வெறும் இரும்பின் கதையாகிவிடும்.

சண்டை முடிந்த சமயம். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் மோட்டார் சைக்கிளில் சேதி கொண்டுபோகிற வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். எங்கள் ஊர் ஆலங்குடிக்கும் திருவரங்குளத்துக்கும் நடுவில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, முந்திரிக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தோட்டக் கிணறுகளில் அப்போதுதான் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆயில் இஞ்சின் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இறக்கினவர்களுக்கு ஓட்டத்தான் தெரியும். நின்றுபோனால் சுற்றி நின்று பார்க்கத்தான் தெரியும். இவருக்கோ பட்டாளத்தில் பழகின கை. ஆகவே கூப்பிட ஆரம்பித்தார்கள். போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. அன்றைய பஸ் பெட்ரோலுக்குப் பதிலாகக் கரிப்புகையில் ஓடியது. மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். திருமயத்துப் பக்கம் ஒரு இஞ்சின் நின்றது என்று ஆள் வந்தால், இவர் போய்ச் சேருவதற்குள் பயிர் வாடிவிடும்.

திருச்சியில் பட்டாளத்து வண்டிகளை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, இவர் அண்ணனிடம் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. சாப்பிடும்போது அதைப் பற்றிப் பேசினார், அவ்வளவுதான். மூத்தாருக்கு அது போதும். தாய் தகப்பன் போன பிறகு தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர் அவர். தொழில் பாரவண்டி. கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போய் வருவார். அந்த மயிலை ஜோடி மட்டும் பாரத்துக்குப் பூட்டுகிற மாடு இல்லை, ஆசைக்கு வளர்த்தது. அதைப் பிடித்துக்கொண்டு மணப்பாறைச் சந்தைக்குப் போனவர் வெறும் கயிற்றோடு திரும்பி வந்தார். அவருடைய சம்சாரத்தை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா அழுதுகொண்டே கேட்டதற்கு, "காளைக்கு வயசாகும் புள்ள. மிசினுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போனார்.

ஐப்பசி மழைக்கு நடுவில் வண்டி வந்தது. சேற்றுப் பச்சை வர்ணம், அங்கங்கே உரிந்திருந்தது. முன்னால் பெரிய சுருள்வில் ஒன்று. பின்னால் சாமான் வைக்கிற இரும்புச் சட்டத்தின் மேல் கோணிப்பையை மடித்து வைத்து நான் உட்காருகிற இடமாக்கினார். அக்கா மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் மூத்தாரைத்தான் முதலில் ஏறச் சொன்னார்கள்.

"மொதல்ல நீங்க ஏறுங்கண்ணே" என்றார் என் வீட்டுக்காரர்.

"இந்தச் சேத்துலயா? போடா. மழை விடட்டும். தை பொறந்ததும் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வாரேன். திருவரங்குளத்துக் கோயில் வாசல்ல கொண்டுபோயி எறக்கிவிடு. நாலு பேரு பாக்கணும்ல."

"பாக்கணும்ங்கறதுக்காகக் காத்திருப்பீகளா?"

"பின்ன? காளைய வித்தவன்னு ஊரே பேசுது. எதுக்கு வித்தான்னு பாக்க வேண்டாமா?"

அந்த மழைக்காலம் முழுக்க நான்தான் பின்னால் உட்கார்ந்து போனேன். அறந்தாங்கி ரோட்டில் போயிருக்கிறேன், திருமயத்தில் என் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். கோட்டைக்குக் கீழே திரும்பும்போது ஜனங்கள் கடையை விட்டு வெளியே வந்து பார்ப்பார்கள். நான் இப்படி அப்படித் திரும்ப மாட்டேன். எங்கள் பக்கத்தில் அப்படிப் போன பொம்பளை நான் ஒருத்திதான் என்று எனக்கு நினைப்பு. "மகாராணி பவனி கெளம்பிருச்சு" என்று அக்கா சொல்வாள். சொல்லிக்கொண்டே என் சேலைத் தலைப்பைச் சக்கரத்தில் சிக்காதபடி இழுத்துச் செருகியும் விடுவாள்.

வண்டி வந்த புதிதில் ரோட்டைப் பிடித்துக்கொண்டு போனது. மார்கழியில்தான் ஆட்டம் ஆரம்பித்தது. மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் வேகம் எடுத்ததும் முன் சக்கரம் இடமும் வலமுமாகச் சிலுப்பும். கைப்பிடி அவருடைய கையை உதறும். அந்த நடுக்கம் அவர் முதுகு வழியாக எனக்கு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிப் பிடித்தால் சில சமயம் அடங்கும், சில சமயம் கூடும். வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும்.

இவர் அதை வைத்தியம் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். முதலில் டயரில் காற்று. கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். அப்புறம் வண்டியின் வயிற்றுக்குக் கீழே மரக்கட்டையை அண்டக் கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினார். என்னைப் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு கரித்துண்டை ஆடாமல் பிடித்தார். சக்கரம் கோணலாக இருந்தால் ஒரு இடத்தில் மட்டும் கரி தீட்டும். தீட்டவில்லை. கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிச் சத்தம் கேட்டார். தொய்ந்த கம்பி மந்தமாகச் சொல்லும் என்பார். எல்லாம் ஒரே மாதிரி சொல்லின. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். பேரிங்கில் தளர்ச்சி இல்லை. கைப்பிடியின் அச்சை, ஒரு கையை வண்டியின் கழுத்தில் வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார்.

"இங்க கை வச்சுப் பாரு. ஏதாவது துள்ளுதா?"

வைத்துப் பார்த்தேன். "ஒண்ணும் துள்ளலிங்க" என்றேன்.

கைப்பிடிக்கு நடுவில் கறுப்பாக ஒரு திருகுக் குமிழ் உண்டு. அதை இறுக்கினால் கைப்பிடி கனக்கும். சக்கரம் தன்னிஷ்டத்துக்கு ஆடாமல் பிடிக்கிறதுதான் அதன் வேலை. அதையும் இறுக்கினார். நிற்கிற வண்டியில் கைப்பிடியைத் திருப்பினால் கனமாகத்தான் இருந்தது. ஆகவே அதில் ஒன்றும் கோளாறு இல்லை என்று விட்டுவிட்டார். பட்டாளத்தில் ஓட்டுகிறவனுக்குக் குமிழை இறுக்குவதோடு சரி. உள்ளே இருப்பதைக் கழற்றிப் பூட்ட வேறு ஆள் இருந்தானாம்.

தை பிறந்தது. மூத்தார் வேட்டியை வெளுக்கப் போட்டு எடுத்து வைத்திருந்தார். இவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்.

"நிக்கலியாடா இன்னும்?"

"இல்லண்ணே. எங்கன இருந்து வருதுன்னே புடிபடல."

"அப்ப இருக்கட்டும். ஆட்டத்த நிப்பாட்டிட்டுச் சொல்லு, ஏறுறேன். நானும் ஒன்னோட சேந்து ரோட்டுல உருண்டா, காளையும் போச்சு காலும் போச்சுன்னு பேசுவானுக."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் வேட்டியை மறுபடி மடித்துப் பெட்டிக்குள் வைத்ததை நான் பார்த்தேன். பாரவண்டிக்காரர்கள் அவரைச் சும்மா விடவில்லை. "என்னண்ணே, ஒங்க மயிலை ஜோடி கழுத்த ஆட்டுதாமே?" என்று ஒருவர் கேட்பார். "மூக்கணாங்கயிறு போடச் சொல்லுங்க" என்று இன்னொருவர். அவர் வெற்றிலையை மென்றுகொண்டிருப்பார். இதெல்லாம் இவர் காதுக்கும் வரும். இவருக்கு அந்த ஆட்டத்தை நிறுத்தி, அண்ணனை ஏற்றிக்கொண்டு, அந்த ஆட்கள் நடுவே போக வேண்டும். வேறு எதுவும் அந்த நாளில் அவர் மனதில் இல்லை. சோற்றில் கை வைத்துக்கொண்டே இரண்டு விரலால் தட்டைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். எனக்குச் சிரிப்பாகவும் வரும், பாவமாகவும் இருக்கும்.

மாசியில் திருமயத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தோம். திருவரங்குளம் தாண்டி இறக்கத்தில் வண்டி தானாக வேகம் எடுத்தது. சக்கரம் சிலுப்ப ஆரம்பித்தது. இந்த முறை அடங்கவே இல்லை. "குனிஞ்சுக்க" என்றார். அதற்குள் ரோட்டோரத்துச் சரளையில் ஏறி, முந்திரிக்காட்டு மணலில் சரிந்து விழுந்தோம். அவருக்கு முழங்கால் தோல் உரிந்தது. எனக்கு வலது மணிக்கட்டு. எலும்பு கட்டுகிறவர் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்தமாவும் குழைத்துத் துணி சுற்றி மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். கட்டினது நேராக ஒட்டவில்லை. இன்றைக்கும் இந்தக் கை கொஞ்சம் கோணல்தான். எழுத்தும் அப்படியே போகிறது.

மூத்தார் வந்து என் எதிரே உட்கார்ந்தார். கட்டுப்போட்ட கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா ஆத்தா?"

"இல்லிங்க, பரவால்ல" என்றேன். என் வலியை நான் யாரிடமும் சொல்கிறவள் இல்லை.

"அந்த வண்டி காஞ்சு கெடக்கு. அதான் திமிறுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து போனார். அந்தச் சொல் என் காதில் விழுந்தது. ஆனால் வலியோடு இருந்த நான் அதை என்னவென்று எடுத்துக்கொள்ளவில்லை.

கை கூடுகிற வரைக்கும் துணியெல்லாம் அக்காதான் துவைத்தாள். ஒரு நாள் கிணற்றடியிலிருந்து இவருடைய சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இந்தா, மோந்து பாரு. ஒம் புருசன் மிசின் ரிப்பேருக்குப் போறாரா, பாரவண்டி ஓட்டப் போறாரா? எத்தன தேச்சாலும் இந்த விளக்கெண்ணெ நாத்தம் போவனாங்குது."

சட்டையின் வயிற்றுப் பக்கத்தில் பொட்டுப் பொட்டாகக் கறுப்பாக இருந்தது. இஞ்சின் ஆயில் நாற்றம் எனக்குத் தெரியும். பெட்ரோல் நாற்றமும் தெரியும். இது இரண்டும் இல்லை. விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்தால் வருகிற வாசம். வண்டி மை. பாரவண்டி அச்சுக்குப் போடுவதற்காக மூங்கில் குழாயில் ஊற்றி வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார்களே, அதேதான்.

இவர் வந்ததும் கேட்டேன். "ஏங்க, வண்டிக்கு விளக்கெண்ணெ எங்கன ஊத்துறீங்க?"

"விளக்கெண்ணெயா? மோட்டாருக்கா? ஒனக்குக் கையில அடிபட்டுச்சா, தலையில பட்டுச்சா?"

சட்டையைக் காட்டினேன். முகர்ந்து பார்த்தார். அப்படியே கையில் எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனார். சட்டையைத் தம் வயிற்றில் வைத்து, அந்தப் பொட்டுகளுக்கு நேராக வண்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். கைப்பிடிக்கு நடுவிலிருந்த அந்தக் குமிழ்தான் இருந்தது. திருகிக் கழற்றினார். அதற்குக் கீழே ஒன்றின் மேல் ஒன்றாக வட்டத் தகடுகள், நடுவில் நார் அடித்துச் செய்தது போல ஒரு வில்லை. எல்லாம் கறுப்பு மையில் மூழ்கிக் கிடந்தன. விரலை வைத்தால் வழுக்கியது.

"காஞ்சு கெடக்க வேண்டிய எடம் புள்ள இது" என்றார். "காஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒரசுனாத்தான் சக்கரத்தப் புடிக்கும். இந்த மாதிரி வண்டிக்கு ஆடுற கொணம் பொறவியிலயே உண்டு. அத அடக்கத்தான் இத வச்சிருக்கான். நிக்கயில இந்த மை பசையா நிண்ணு கனமாத் தெரிஞ்சிருக்கு. ஓடயில வழுக்கி விட்டிருக்கு."

யார் ஊற்றியது என்று நாங்கள் யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூத்தார் தம்முடைய வண்டிகளுக்கெல்லாம் மை போடுவார். அச்சு, குடம், ஏர்க்கால், எங்கே மரம் இரும்பைத் தொடுகிறதோ அங்கெல்லாம். அது எங்கள் வீட்டில் விளக்கேற்றுகிற மாதிரி. இவர் பக்கத்துத் தோட்டங்களுக்கு நடந்தே இஞ்சின் பார்க்கப் போய், மோட்டார் சைக்கிள் வாசலில் நின்ற நாட்களில், தம் பாரவண்டிக் கொட்டகையில் நிற்கிற இன்னொரு வண்டியாகத்தான் அதையும் பார்த்திருக்கிறார். மாட்டைத் தடவுகிற மாதிரி தடவிப் பார்த்து, எங்கே திரும்புகிறதோ அங்கே மை ஊற்றியிருக்கிறார். ஒளித்துச் செய்யவில்லை. அக்கா பார்த்திருக்கிறாள், வண்டிக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். யாருக்கும் அதில் வித்தியாசமாக ஒன்றும் தோன்றவில்லை. வண்டி என்றால் மை போடத்தானே வேண்டும்? ஆட்டம் கூடக் கூட, காய்ந்துபோய்த்தான் ஆடுகிறது என்று அவர் இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறார். நான் விழுந்த பிறகும் ஊற்றியிருக்கிறார்.

இதையெல்லாம் நான் பிற்பாடுதான் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் புரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு ஒரே பெருமையாக இருந்தது. இத்தனை நாள் இவருக்குப் பிடிபடாததை நான் வாசத்தில் பிடித்துவிட்டேன் என்று அக்காவிடம் சொல்வதற்கு அடுப்படிக்குப் போனேன். அந்தச் சமயத்தில் இவர் தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார். கடலை மூட்டை ஏற்றுகிற நேரம், ஆட்கள் நிறைந்து நின்ற நேரம். சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப் போனோம்.

"மாட்டு வண்டிக்கும் மோட்டாருக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு, இதுல எதுக்குக் கைய வைக்கணும்?" இவர் கத்திக்கொண்டிருந்தார். "கேட்டீகளா ஒரு வார்த்த? இது என்ன எடம், எண்ணெ போடலாமா கூடாதான்னு கேட்டீகளா? எம் பொண்டாட்டி கைய ஒடிச்சது நீங்கதான். ரோடு இல்ல, வண்டி இல்ல, நீங்கதான்!"

மூத்தார் கையில் மைக்குழாய் இருந்தது. அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். அவர் என்னைப் பார்த்தார், என் கட்டைப் பார்த்தார்.

"நான் நல்லதுக்குன்னு..."

"ஒங்க நல்லது எனக்கு வேண்டாம்ண்ணே. ஒங்க கை இதுல படாம இருந்தாப் போதும்."

மூட்டை தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். அவரைக் கேலி பேசியவர்களும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட மூத்தாருக்குத் திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருக்கும். மைக்குழாயை வண்டியில் மாட்டினார். துண்டால் விரலை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"சரி. இனிமே தொடல" என்றார்.

"அண்ணே" என்று அப்போதே இவர் குரல் இறங்கிவிட்டது. எனக்குத் தெரிந்தது. ஆனால் அவர் மாட்டை நுகத்தில் பூட்டக் குனிந்துவிட்டார்.

இவர் தகடுகளைப் பெட்ரோலில் கழுவி, வெயிலில் காய வைத்து, உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டினார். நார் வில்லைக்குப் பதிலாகப் பழைய மாட்டுத்தோல் வாரை வட்டமாக வெட்டிப் போட்டார். திருவரங்குளம் இறக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆட்டம் அடியோடு போயிருந்தது. இரண்டு கையையும் விட்டுவிட்டுக்கூட ஓட்டிப் பார்த்தாராம். வந்த வேகத்தில் இறங்காமல் கொட்டகை வாசலிலேயே நிறுத்தினார்.

"அண்ணே, நிண்ணு போச்சு. வாங்க, கோயிலுக்குப் போயிட்டு வருவோம்."

"வேல கெடக்கு."

"ஒரு சுத்துண்ணே. அந்தா கம்மாக்கரை வரைக்கும்."

"நீ போயிட்டு வா. எனக்கு மை கை. ஒன் வண்டியில பட்டுரும்."

குத்திக்காட்டவா சொன்னார், உண்மையாகவே அந்தப் பயத்தில்தான் சொன்னாரா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. உண்மையாகத்தான் சொல்லியிருப்பார் என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதுதான் அதிகமாக உறுத்துகிறது.

பேச்சு நிற்கவில்லை. ஒரே உலைதான், ஒரே சோறுதான். தம்பி சாப்பிட்டானா என்று கேட்பார், என் கை கூடிவிட்டதா என்று கேட்பார். மோட்டார் சைக்கிள் நிற்கிற பக்கம் மட்டும் போக மாட்டார். கொட்டகைக்கு அந்த வழிதான் கிட்டம்; அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு போவார். மழை வந்து வண்டி நனைந்துகொண்டிருந்தாலும், "வண்டி நனையுது, சொல்லுங்க" என்று அக்காவிடம் சொல்லி அனுப்புவார். ஒரு கோணிப்பையை எடுத்து அவரே அதன் மேல் போட மாட்டார். இவர் இன்னும் சில தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் இவருக்கும் ரோசம் வந்துவிட்டது. "அவுகளா வரட்டும்" என்றார். "கால்ல விழுந்து கூட்டிட்டு வாங்க" என்று நான் சொன்னேன். சொன்ன எனக்கும் இவர் விழ மாட்டார் என்று தெரியும். நானாக இருந்தாலும் விழுந்திருக்க மாட்டேன்.

அந்த வருசம் திருவரங்குளத்தில் தேர். நாங்கள் இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். மூத்தார் விடியும்போதே நடந்து கிளம்பிவிட்டதாக அக்கா சொன்னாள். பாதி வழியில் அவரைப் பார்த்துவிட்டோம். வெளுத்து எடுத்த அந்த வேட்டி, தோளில் துண்டு, கையில் தேங்காய்ப் பை. வெயில் ஏறிவிட்டிருந்தது. அவருடைய நடை எனக்கு முதுகைப் பார்த்தே தெரியும். வண்டிக்குப் பக்கத்தில் மாட்டோடு நடந்து பழகினவர், நிதானமாக வைப்பார்.

இவர் வேகத்தைக் குறைத்தார். வண்டி அவருக்குப் பின்னால் வந்து ஏறக்குறைய நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. நான் கோணிப்பையிலிருந்து இறங்குவதற்காக ஒரு காலை ஊன்றத் தயாராக இருந்தேன். அவர் ஏறிக்கொள்ளட்டும், மிச்சத்தை நான் நடந்துவிடலாம்.

சத்தம் கேட்டு அவர் திரும்பவில்லை. ஆனால் யாருடைய வண்டி என்று தெரியாமல் இருக்குமா? அந்தச் சீமையிலேயே அந்தச் சத்தம் எங்களுடையதுதான். ரோட்டை விட்டு இறங்கி, சரளையைத் தாண்டி, முந்திரிமரத்தோரமாகப் போய் நின்றார். துரைமார் கார் வந்தால் பாரவண்டிக்காரர்கள் ஒதுங்கி நிற்பார்களே, அந்த மாதிரி நின்றார். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நாங்கள் கடந்து போகட்டும் என்று காத்திருந்தார்.

இவருடைய கால் தரையைத் தொட்டுத் தொட்டு வந்தது. ஒரு வார்த்தை கூப்பிடுவார் என்று நினைத்தேன். தொண்டை செருமின சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் வேகம் கொடுத்தார். நான் திரும்பிப் பார்த்தேன். புழுதி அடங்கின பிறகுதான் மூத்தார் ரோட்டில் ஏறினார்.